கையில் ஒரு திரை, கூடத்தில் ஒரு திரை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நின்டென்டோவின் வீ யூ வீடியோ விளையாட்டுச் சாதனத்தைப் பெருந்தோல்வி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். சென்ற இதழில் தாங்கள் அதை ‘உரிய மதிப்பைப் பெறாத சாதனம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். காரணத்தை விளக்க இயலுமா?
– வாசகர், திருச்சி

பதில்: விற்பனையில் அது தோற்றது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு முன் வந்த வீ உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது. 2012 நவம்பரில் வெளிவந்த வீ யூவோ, 2017 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது 1 கோடியே 35 லட்சத்தைச் சற்றுத் தாண்டியதோடு சரி. கோளாறு பெயரிலேயே தொடங்கியது. பழைய பெயரோடு ஓர் எழுத்தை ஒட்டிவைத்ததோடு, 2011இல் முதன்முதலாக அறிமுகம் செய்தபோது சாதனத்தைவிட, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரையே முன்னிறுத்திக் காட்டியதால், ஏற்கெனவே வீ வைத்திருந்தவர்களில் பலர் இதைத் தங்களிடம் இருக்கும் பெட்டிக்கான துணைக்கருவி என்றே எண்ணிக்கொண்டார்கள்.

நான் மதிப்புப் பெறவில்லை என்று குறிப்பிட்டது, தோல்விப் பழி முழுவதையும் சுமந்த அந்தக் கன்ட்ரோலரைத்தான். கேம்பேட் என்று பெயர். நடுவில் 6.2 அங்குலத் தொடுதிரை, இருபுறமும் பொத்தான்கள், ஏறத்தாழ அரைக் கிலோ எடை. படத்தில் பார்ப்பவருக்குச் சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வரும். கையில் எடுத்துப் பார்த்தால், பின்புறம் விரல்கள் தங்குவதற்கென ஒரு விளிம்பு ஓடுவதால், அந்த எடை மணிக்கட்டை அவ்வளவாக வருத்துவதில்லை.

ஆனால் பிடிப்பு வசதிக்காக நான் அதைப் புகழவில்லை. ஒரே அறையில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது என்ற நிலையை உருவாக்கியதே அதன் சிறப்பு. சாதனத்தோடு வெளிவந்த நின்டென்டோ லேண்ட் என்ற விளையாட்டுத் தொகுப்பில் பேய் மாளிகை விளையாட்டு ஒன்று உண்டு. கேம்பேட் வைத்திருப்பவர்தான் பேய். மாளிகை முழுவதும், அதில் உலவும் எல்லோரும் அவருக்குத் தெரிவார்கள். மற்ற நால்வர் வரையிலானோர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி கைவிளக்கோடு தேட வேண்டும். அவர்களுடைய திரையில் பேய் தெரியாது. அது நெருங்கும்போது கையிலிருக்கும் ரிமோட் அதிரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்குமுன் எந்த வீடியோ விளையாட்டையும் தொட்டறியாத என் பெரியம்மா, இரண்டே சுற்றுகளுக்குப் பிறகு தொலைக்காட்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பேயாக ஆடிய என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். யாரை நெருங்குகிறேனோ அவர் பக்கம் என் கண் ஒரு கணம் போய்விடுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று முழுவதும் நான் தோற்றேன். வரைகலைத் திறனை எவ்வளவு கூட்டினாலும் இப்படியொரு விளையாட்டு பிறந்திருக்காது. இரண்டு திரைகள் இருந்ததால்தான் பிறந்தது.

ஸோம்பி யூ என்ற விளையாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் பைக்குள் பொருளைத் தேடக் கேம்பேடைக் குனிந்து பார்க்க வேண்டும், தொலைக்காட்சியிலோ விளையாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பைக்குள் கைவிட்டவர் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதோ என்று தலைநிமிர்ந்து பார்க்கும் பதற்றத்தை, ஒற்றைத் திரையில் அப்படியே கொண்டுவர முடியாது.

கேள்வி: அப்படியானால் கேம்பேடில் குறையே இல்லை என்கிறீர்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக உண்டு. ஒருமுறை சார்ஜ் செய்தால் 3 முதல் 5 மணி நேரம்தான் தாங்கும். திரையில்லாத ப்ரோ கன்ட்ரோலருக்கு நின்டென்டோவே 80 மணி நேரம் என்று சொன்னதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்புறப் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணராதவை என்பதால், கார் விளையாட்டுகளில் ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் அழுத்துவது இயலாது. வலப்பக்கக் கட்டைவிரல் குச்சி பொத்தான்களுக்கு மேலே இருப்பதற்குப் பழகச் சில நாள்கள் பிடிக்கும்.

இவற்றைவிடப் பெரிய குறை, அதைப் படைத்தவர்களுக்கே அதை வைத்து என்ன செய்வதென்று பல நேரம் புலப்படாமல் போனதுதான். 2014இல் வந்த மரியோ கார்ட் 8 அருமையான விளையாட்டு. அதில் கேம்பேட் திரைக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று ஹாரன் அடிப்பது. 2016இல் ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோ எதிர்த்திசையில் தவறியது: விமானி அறையின் பார்வை கையிலும் வெளிப்பார்வை தொலைக்காட்சியிலுமாக, இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கச் சொல்லி ஆடுபவரைத் திணறடித்தது.

கேள்வி: நின்டென்டோவின் அடுத்த சாதனமான ஸ்விட்ச் வந்த பிறகு வீ யூவைப் பற்றிப் பேசுவதில் என்ன பயன்? அதன் நல்ல அம்சங்கள் எல்லாம் ஸ்விட்சில் வந்துவிட்டனவே!
– வாசகர், மதுரை

பதில்: பாதிதான் வந்தது. தொலைக்காட்சி இல்லாமலே கையில் வைத்து ஆடுவது என்ற பாதி. நெடுந்தொடர் நேரத்தில் தொலைக்காட்சியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் வீடுகளில் கேம்பேட் அந்த வேலையை முன்பே செய்தது. ஆனால் படம் பெட்டியிலிருந்து கம்பியில்லாமல் வந்ததால், ஓரிரண்டு அறைகளைத் தாண்டினால் அறுந்துபோகும். ஸ்விட்ச் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டது, மகிழ்ச்சியே. அதற்கு ஈடாக மற்ற பாதியை, அதாவது இரண்டு திரைகளை ஒருசேரப் பயன்படுத்துவதை, கைவிட்டது.

2017 மார்ச் 3 அன்று இரண்டு சாதனங்களிலும் ஒரே நாளில் வெளிவந்த ப்ரெத் ஆஃப் த வைல்ட் என்ற விளையாட்டு இதற்குச் சான்று. 2014இல் அதை முன்னோட்டமாகக் காட்டியபோது வரைபடம் கேம்பேட் திரையில் இருந்தது. வெளிவந்த வடிவில் அந்த வசதி நீக்கப்பட்டிருந்தது. கதாநாயகன் இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் கைத்திரை மட்டும் நீக்கப்படவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேம்பேடின் ஞாபகம்தான் வருகிறது.

கேள்வி: பழைய வீ யூ ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வட்டு விளையாட்டுகள் போதும் என்றால் வாங்கலாம். இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது. பெரும்பாலான விளையாட்டுகளின் இணைய ஆட்டமும் 2024 ஏப்ரலில் முடிந்தது. பெட்டியோடு கேம்பேட் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லாமல் சாதனத்தை அமைக்கவே முடியாது. வேறு விற்பனை வட்டாரத்துக்கு (அமெரிக்கா, ஜப்பான் போல) உரிய கேம்பேடை வாங்கி இணைக்கலாம் என்றால் அதுவும் ஏற்காது. வட்டுகளுக்கும் அதே வட்டாரப் பூட்டு உண்டு. பேட்டரி தளர்ந்திருந்தால் கவலை வேண்டாம், பின்மூடியின் திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். பெட்டி அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்திருந்தால், அதனுடன் வரும் அடாப்டர் முறையே 120, 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள்.