ஜான் கெர்ரியின் வியட்நாம் பதக்கங்கள் உண்மையானவையா?

2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரியின் வியட்நாம் போர்ப் பதிவே பொய் என்று கிளப்பினார்களே, அதில் உண்மை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். பதக்கங்களைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்பதுதான் என் பதில்.

ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 1969 மார்ச் 13, பே ஹாப் ஆறு. கெர்ரியின் படகோடு கூடப் போன ஸ்விஃப்ட் படகு (கடற்படையின் சிறிய ரோந்துப் படகு) ஒன்று கண்ணிவெடியில் சிக்குகிறது. அந்தக் களேபரத்தில் கெர்ரியின் படகிலிருந்த சிறப்புப் படை வீரர் ஜிம் ராஸ்மன் ஆற்றில் விழுந்துவிடுகிறார். கெர்ரி படகைத் திருப்பி வந்து, அடிபட்ட கையோடு அவரை மேலே இழுத்துப் போடுகிறார். பிரான்ஸ் ஸ்டார் என்ற வீரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான்.

35 வருடம் கழித்து, 'உண்மைக்கான ஸ்விஃப்ட் படகு வீரர்கள்' என்ற அமைப்பு தொலைக்காட்சி விளம்பரத்தோடு வந்தது. அன்று வேறொரு படகில் இருந்த லாரி தர்லோ, எதிரி சுடவே இல்லை என்றார். வாஷிங்டன் போஸ்ட் அவருடைய ஆவணங்களையே கேட்டு வாங்கிப் பார்த்தது. அதே நாளுக்காக அவருக்கும் பிரான்ஸ் ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். அதன் சான்றுரையில் எதிரியின் துப்பாக்கிச் சூடு தெளிவாக இருக்கிறது! சான்றுரைதான் தவறு என்றார் தர்லோ. எனக்கு அது போதவில்லை. தேர்தல் நேரத்து நினைவைவிட, யாரும் அரசியல் பேசாத 1969இல் எழுதிய காகிதத்தைத்தான் நான் நம்புவேன். காப்பாற்றப்பட்ட ராஸ்மன் குடியரசுக் கட்சிக்காரராக இருந்தவர். அவரே கெர்ரிக்காகச் சாட்சி சொன்னார். படகில் கூட இருந்தவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான்.

அப்புறம் எதற்கு இவ்வளவு கோபம்? 1971 ஏப்ரல் 22 அன்று செனட் வெளியுறவுக் குழு முன் கெர்ரி, அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் செய்த கொடுமைகளைப் பற்றி மற்ற வீரர்கள் சொன்னதை எடுத்துப் பேசினார். எங்கள் எல்லாரையும் குற்றவாளியாக்கிவிட்டான் என்று பலர் கொதித்தார்கள். அந்த வலி நிஜம். அதை நேரடியாகவே பேசியிருக்கலாம். ஒருவன் ரத்தம் சிந்தியதைப் பொய் என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வியட்நாமில் சிறைப்பட்டிருந்த ஜான் மெக்கெயினும், கெர்ரியின் எதிர்க்கட்சிக்காரராக இருந்தும், அந்த விளம்பரத்தைக் கண்டித்தார்.

கெர்ரி சொன்ன எல்லாமே சரி என்றும் இல்லை. 1968 கிறிஸ்துமஸ் அன்று கம்போடியாவுக்குள் இருந்ததாக அவர் பல முறை சொன்னதை அவருடைய பிரசாரக் குழுவே கைவிட வேண்டியதாயிற்று.

எதிர்ப்பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். அதிபர் புஷ்ஷின் வியட்நாம் காலத் தேசியக் காவல்படைப் பணி பற்றி 2004 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டிய கடிதங்கள் அசல் என்று நிரூபிக்க முடியாமல் போய், அதன் செய்தியாளர் டான் ராதர் மன்னிப்புக் கேட்டார். 1972இல் அலபாமாவில் புஷ் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தாரா என்ற நியாயமான கேள்வியும் அந்தக் கடிதங்களோடு சேர்ந்து அடிபட்டுப் போனது.