தொழிலதிபராக இருந்து ஓர் அரசியல் குடும்பத்தையே உருவாக்கியவர் என்றால் உங்கள் நினைவுக்கு வருபவர் யார்?

பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜோசஃப் சேம்பர்லின். காரணம் எங்கள் ஹார்டுவேர் கடை. அப்பா காலத்தில் விற்ற மரத் திருகாணிப் பெட்டிகளில் 'நெட்டில்ஃபோல்ட்ஸ்' என்று போட்டிருக்கும். ஆசாரிகளின் வாயில் அது நுழையாது, அதைத் தயாரித்த கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் கம்பெனியின் சுருக்கப் பெயரில் "ஜி.கே.டபிள்யூ. கொடுங்க" என்பார்கள். நெட்டில்ஃபோல்ட் என்ற பெயர் யாருடையது என்று தேடப் போய்த்தான் இவரிடம் வந்து சேர்ந்தேன்.

நெட்டில்ஃபோல்ட் இவருடைய அத்தையின் கணவர். அந்தக் காலத் திருகாணிக்கு முனை மொட்டை; மரத்தில் துளை போட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும். கூர்முனைத் திருகாணி செய்யும் அமெரிக்க உரிமத்தை மாமா வாங்க, லண்டனில் செருப்பு வியாபாரம் செய்த இவருடைய தந்தை 10,000 பவுண்டு முதல் போட்டார். அந்தப் பணத்துக்குக் காவலாக 1854இல் பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்டவர்தான் 18 வயது ஜோசஃப். உற்பத்தியை மாமா மகன் பார்த்துக்கொள்ள, கணக்கும் விற்பனையும் இவர் கையில். இருபதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் தயாராகும் திருகாணிகளில் மூன்றில் இரண்டு பங்கு இவர்களுடையது. நசுங்கிப்போன சிறு பட்டறைக்காரர்கள் இவரை வாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

1873இல் பர்மிங்காம் மேயர். 38 வயதில் தொழிலை விட்டு விலகி, நகரை ஒரு கம்பெனி போல நடத்தினார். தனியாரிடமிருந்த எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை நகராட்சிக்கே வாங்கினார். எரிவாயுவில் லாபம் பார்க்கலாம், தண்ணீரில் கூடாது என்பது அவர் போட்ட கணக்கு. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். குடியேற்ற நாடுகளின் அமைச்சராக தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினருக்கு எதிராக நடந்த போயர் போருக்கு அவர் காட்டிய முனைப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

1886இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதை எதிர்த்து, தன் லிபரல் கட்சியைப் பிளந்தார். 1903இல் இறக்குமதி வரி வேண்டும் என்று கிளம்பி, பிளவுக்குப் பின் கூட்டாளியான கன்சர்வேட்டிவ் கட்சியையும் இரண்டாக்கினார். பிரதமர் பதவி வாய்க்கவே இல்லை. 1906இல் பக்கவாதம், 1914இல் மறைந்தார்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் அவர் கணக்கு தப்பியது. மூத்தவர் ஆஸ்டினை அரசியலுக்கென்றே வளர்த்தார். இளையவர் நெவிலுக்குத் தொழில் என்று ஒதுக்கினார். பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் கயிற்று நாருக்குக் கற்றாழை வளர்க்கப் போன நெவில், ஆறு ஆண்டு பாடுபட்டும் அந்த மண்ணில் பயிர் தேறாமல், அப்பாவின் 50,000 பவுண்டைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார். ஆஸ்டின் வெளியுறவு அமைச்சரானார், 1925ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசும் பெற்றார்; பிரதமராகவில்லை. 49 வயதில்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த நெவில் 1937இல் பிரதமரானார். மறு ஆண்டே மியூனிக் ஒப்பந்தத்தில் ஹிட்லரை நம்பிக் கெட்டது ஊரறிந்த கதை.

ஆனால் அந்தக் குடும்பத்தை நினைத்தால் என் கண்முன் வருவது 1932 பிப்ரவரி. நிதியமைச்சரான நெவில், அப்பா கேட்டுக் கிடைக்காத அதே இறக்குமதி வரியை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்து, அவர் பெயரைச் சொல்லி உரையை முடித்தார். பின்வரிசையிலிருந்த ஆஸ்டின் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் தம்பியின் கையைப் பற்றிக் குலுக்கினார்.