உள் ஓரம் மட்டும் தேய்கிறதா? டயரைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: என்னுடைய பிக்கப் வண்டி வாரத்தில் இரண்டு நாட்கள் முழுப் பாரத்தோடும் மற்ற நாட்களில் காலியாகவும் ஓடுகிறது. முன்பக்க இடது டயர் உள் ஓரத்தில் மட்டும் வழுவழுப்பாகிவிட்டது. பின் டயர்கள் இரண்டும் நடுவில் தேய்ந்திருக்கின்றன. ஒரே ஆண்டில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்தும் பலனில்லை. டயரை மாற்றுவதுதான் வழியா?

பதில்: காரணத்தைச் சரிசெய்யாமல் மாற்றினால் புது டயரும் அதே ஓரத்தில் தேயும். உங்கள் வண்டியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம்.

பின் டயர் நடுவில் தேய்வது காற்று அதிகம் என்பதற்கு அடையாளம். பாரம் ஏற்றும் நாளுக்காக நிரப்பிய காற்றோடு மற்ற நாட்களிலும் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிக்கப்பின் பின்புறம் காலியாக இருக்கும்போது அங்கே எடை மிகவும் குறைவு. டயர் பலூன்போல் புடைத்து நடு வரிசை மட்டும் தரையில் உரசும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பல பிக்கப்களில் காலி வண்டிக்கு ஓர் அளவும் முழுப் பாரத்துக்கு வேறோர் அளவும் போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். அது அந்த டயருக்கான உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். பாரம் ஏற்றும் நாளில் காற்றைக் கூட்ட மறந்துவிடுவீர்கள் என்றால், இப்போதிருப்பதுபோலவே விட்டுவிடுங்கள். நடுவில் தேய்ந்தால் பணம்தான் நஷ்டம். குறைந்த காற்றில் பாரம் ஏற்றினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

இனி முன் டயர். இதற்குக் கண்ணைவிட உள்ளங்கை உதவும். வண்டியை நிறுத்தி, டயரின் மேல் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை குறுக்காகத் தடவுங்கள்; பிறகு உள்ளிருந்து வெளியே தடவுங்கள். கம்பி வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் கை வைக்க வேண்டாம், குத்திவிடும். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வழுக்கினால் கேம்பர் கோளாறு, அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பப் பல்போல் தட்டினால் சக்கரம் நேராக ஓடாமல் பக்கவாட்டில் இழுபடுகிறது. அது டோ கோளாறு, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது தட்டுகிறது, தேய்மானமும் உள் ஓரத்தில் என்றால் சக்கரங்களின் முன்பக்கம் வெளிப்புறமாக விரிந்திருக்கிறது. டோ சின்ன அளவுதானே என்று எண்ண வேண்டாம். ஒரு சக்கரம் 0.1 டிகிரி திரும்பியிருந்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 17 கிலோமீட்டர்!

அப்படியானால் இரண்டு அலைன்மென்ட்டும் ஏன் பலிக்கவில்லை? அலைன்மென்ட் இயந்திரம் நின்றுகொண்டிருக்கும் வண்டியை அளக்கிறது. பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு), டை ராடு முனை (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை), கண்ட்ரோல் ஆர்ம் புஷ் (அந்த ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர்) ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் நிற்கும்போது ஓர் அளவு, ஓடும்போது வேறோர் அளவு. ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது, கால் ஆடும் மேசையில் தராசு வைப்பதுபோல. ஆட்டத்தைப் பார்த்த பிறகே அலைன்மென்ட் செய்வதுதான் முறை. அவசரத்தில் பல இடங்களில் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

நீங்களே சோதிக்கலாம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் வையுங்கள். டயரைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். தளர்ச்சி தெரிந்தால் பெரும்பாலும் டை ராடு. பிறகு 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே தளர்ச்சி இருந்தால் பேரிங்காக இருக்கலாம், பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் மேல் சந்தேகப்படலாம். கீழ் கண்ட்ரோல் ஆர்மில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் அமைப்பில், அந்த ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் வெளிப்படும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்வதால் இன்னொன்றையும் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளங்கள். இடது பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் அதனாலேயே சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும்.

தேய்மானம் சீராக இல்லாமல் டயரைச் சுற்றி மேடும் பள்ளமுமாக இருந்தால் கதை வேறு: அது ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது) கோளாறு.

வேலையின் வரிசை முக்கியம். தேய்ந்த பாகங்களை மாற்றுங்கள், பிறகு டயரைப் பாருங்கள். டயர் பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் தேய்மான அடையாளம் பல டயர்களில் 1.6 மில்லிமீட்டர் உயரம். உள் ஓரம் அந்த அளவுக்கு இறங்கிவிட்டால், மற்ற இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த டயரோடு பாரம் ஏற்ற வேண்டாம். கடைசியாக அலைன்மென்ட். வாரத்தில் பெரும்பாலும் காலியாக ஓடும் வண்டி என்பதால் காலியாகவே கொண்டுபோங்கள். ஆனால் பாரம் ஏற்றும் வழக்கத்தைச் சொல்லிவிடுங்கள். பாரத்தில் பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயரும்போது கோணங்களும் மாறும்.

அதற்குப் பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். பின்சக்கர இயக்க வண்டியில் பின் டயர்கள் அதே பக்கம் முன்னே வரும். முன் டயர்கள் பக்கம் மாறிப் பின்னே போகும். ஒரே திசையில் சுழலும்படி அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றக் கூடாது. அலைன்மென்ட் முடிந்து 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ரம்பப் பல் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தட்டுப்படும்.