வசூல் வேலை பிடிக்கவில்லை, ஆனால் வீட்டுக்குப் பணம் வேண்டும். சேரலாமா?

கேட்டவர் காரிமங்கலம் பக்கம், பி.காம் முடித்தவர். அப்பா கட்டட வேலையில் விழுந்து இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார், தங்கைக்கு அடுத்த மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். கையில் இருப்பது, குழுக் கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கும் மைக்ரோ பைனான்ஸ் கடன்) கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலை. மாதம் 16,000, பெட்ரோல் தனி. "அடுத்தவர் வாசலில் போய் நிற்கப் பிடிக்கவில்லை" என்கிறார். இதற்கு முன்னால் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் 14,000-க்குக் காண்ட்ராக்ட் வேலை வந்ததாம், கம்பெனி பஸ், சாப்பாடு எல்லாம் உண்டாம், பி.காம் படித்துவிட்டு ஷிப்ட்டில் நிற்பதா என்று விட்டுவிட்டாராம்.

பாலக்கோடு பக்கம் இதே வசூல் வேலையை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வீட்டு நிலைமை இப்படி இருக்கும்போது வேலைக்குப் போகத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் நீங்கள் போயிருக்க வேண்டியது அந்த ஓசூர் வேலைக்கு.

வசூல் வேலை என்றால் காலை 7 மணிக்கே சென்டர் மீட்டிங், அதாவது கடன் வாங்கிய குழு தவணை கட்டக் கூடும் கூட்டம். யாராவது ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள் டியூவோடு, அதாவது தவணைப் பணத்தோடு, உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்து சனிக்கிழமை வாங்குகிற கூலி, பால் பணம், நூறு நாள் வேலைச் சம்பளம், அப்புறம் தக்காளி. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்கே கட்டாது, மாட்டுக்குத்தான் போடுவார்கள். அந்த வாரம் யாராவது ஒருத்தர் மீட்டிங்குக்கு வரமாட்டார். அவர் டியூவை மற்றவர்கள் போட்டுக் கொடுக்கும் வரைக்கும் நீங்கள் அந்தத் திண்ணையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இது எழுதாத சட்டம், மானேஜர் அரை மணிக்கு ஒரு போன் போடுவார். அந்தப் பெண்கள் ஏமாற்றுகிறவர்களும் இல்லை, பலர் மூன்று நான்கு கம்பெனிக்குக் கட்டிக்கொண்டிருப்பவர்கள். ஒரு கட்டத்தில், கிளைக்குத் திரும்பி நேரத்தோடு சாப்பிட்டால் போதும் என்று 300, 500 எனச் சொந்தப் பணத்தைப் போட்டு டியூவை முடிக்கிற பையன்கள் எத்தனையோ பேர். சம்பளத்தில் காணாமல் போகிற பணம் அதுதான், ஆஃபர் லெட்டரில் அது இருக்காது.

மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்கு மேலும் கடன்காரரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லிவிட்டது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. இதெல்லாம் கிளையில் சுவரில் ஒட்டியிருக்கும். டார்கெட் வேறு பக்கம் ஓடும். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் வாசலில் நின்றவன் பெயரைத்தான் ஊர் முதலில் சொல்லும், தலைமை அலுவலகத்தில் இருப்பவரை யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, சொந்த ஊர்ப் பக்கம் பெரும்பாலும் போட மாட்டார்கள். அரூரோ திருப்பத்தூரோ, கிளையிலேயே நாலைந்து பேரோடு தங்கல். படுத்திருக்கிற அப்பாவை யார் தூக்கி உட்கார வைப்பது? ஓசூர் வேலையென்றால் பஸ் ஏறி இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பணக் கணக்கும் நீங்கள் நினைப்பது போல இல்லை. 16,000 என்பது இன்சென்டிவ் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டீர்களா? பேசிக் 12,000 என்று வைத்தாலே பி.எஃப் 1,440 போய்விடும், மொத்தம் 16,000-க்குத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ 120. நாளைக்கு 70 கிலோமீட்டர் வண்டி ஓட்டினால் மாதம் 40 லிட்டர் பெட்ரோல் வரும், அதைக் கொடுத்துவிடுவார்கள், டயரும் சர்வீசும் உங்கள் தலையில். ஓசூரிலும் பிடித்தம் உண்டு, ஆனால் வண்டிச் செலவு இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம். 2,000 ரூபாய் வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். பெற்றோர் உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால் ஈ.எஸ்.ஐ-யில் அவர்களுக்கும் வைத்தியம் உண்டு, அப்பாவுக்கு இப்போது அதுதான் தேவை. காண்ட்ராக்டர் ஈ.எஸ்.ஐ நம்பரும் பி.எஃப் கணக்குக்கான யு.ஏ.என் எண்ணும் கொடுக்கிறாரா என்று மட்டும் முதல் மாதமே பார்த்துவிடுங்கள், சிலர் பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள்.

ஷிப்ட் முடிந்தால் கால் வலிக்கும், தூங்கினால் சரியாகிவிடும். வசூலில் நடந்ததை வீட்டில் வந்து சொல்ல முடியாது, அது வேறு மாதிரி வலி. பி.காம் கௌரவம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, கட்டணம் கட்டும் கவுண்டரில் அதை யாரும் கேட்பதில்லை.

தங்கை கட்டணத்துக்கு எப்படியும் இரண்டு வேலையின் முதல் சம்பளமும் நேரத்துக்கு வராது. கல்லூரியில் போய் இரண்டு தவணையாகக் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுங்கள், கேட்டால் பல இடத்தில் விடுவார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம்.

ஓசூர்க்காரர் நம்பர் இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள், அந்த மாதிரி லைன் வேலைக்கு ஆள் அடிக்கடி மாறுவதால் இடம் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லை என்று சொல்லிவிட்டால் வசூல் வேலையிலேயே சேருங்கள், சும்மா இருக்க வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கையும் மட்டும் கொடுக்காதீர்கள். பணம் வாங்கும்போது 500 ரூபாய் நோட்டை ஒவ்வொன்றாகப் பாருங்கள், கள்ள நோட்டு வந்தால் உங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். அங்கே இருந்துகொண்டே வாரம் ஒரு தடவை ஓசூருக்குப் போன் போட்டுக்கொண்டே இருங்கள்.