புது மீன் தொட்டியில் பிஹெச் நிலையாக நிற்க என்ன செய்யலாம்?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம்: 60 லிட்டர் தொட்டி, முழுக்க ஆர்ஓ தண்ணீர், கப்பி, மோலி மீன்களை விட்டு மூன்று வாரம் ஆகிறது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2-இல் இருந்து 6.2-க்கு இறங்கிவிட்டது. கடையில் வாங்கிய 'பிஹெச் அப்' ஊற்றினால் ஏறுகிறது, பிறகு மறுபடி விழுகிறது.

முதலில் அந்த பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய எண் பிஹெச் இல்லை, கேஎச். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவுதான் அது. தொட்டியில் உருவாகும் அமிலத்தை ஈடுகட்டும் கையிருப்பு அதுதான். ஆர்ஓ இயந்திரம் உப்புகளோடு சேர்த்து இதையும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது.

புதுத் தொட்டியில் இந்தக் கையிருப்பு வேகமாகக் கரையும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், அதன்பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அப்போது அமிலம் வெளிவருகிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்குள் இந்தக் கையிருப்பில், கால்சியம் கார்பனேட் கணக்கில், சுமார் 7 மில்லிகிராம் செலவாகிவிடும். கேஎச் பூஜ்யத்தைத் தொட்டதும் பிஹெச் சரிகிறது. 6.5-க்குக் கீழே போனால் அந்த பாக்டீரியாக்களே மந்தமாகிவிடும், அம்மோனியா தேங்க ஆரம்பிக்கும்.

இங்கேதான் கவனம் தேவை. பிஹெச் குறைவாக இருக்கும்வரை தேங்கிய அம்மோனியாவில் பெரும்பகுதி அவ்வளவு நச்சில்லாத அம்மோனியம் வடிவில் இருக்கும். பிஹெச் ஒரு எண் ஏறினாலே நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகிவிடும். 'அப்' ஊற்றியதும் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால், பலரும் நினைப்பதுபோல் அது மருந்து ஒத்துக்கொள்ளாமல் அல்ல, பெரும்பாலும் இந்த அம்மோனியாவால்தான். அதனால் எதையும் சேர்க்கும் முன் அம்மோனியாவைச் சோதியுங்கள். இருந்தால், முதலில் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள்.

பிறகு கேஎச். சொட்டு மருந்து கிட் வாங்குங்கள், காகிதப் பட்டை வேண்டாம். நிறம் மாற எத்தனை சொட்டு என்று எண்ணுவதுதான் சோதனை. கேஎச்சை டிகிரியில் சொல்வார்கள், பல கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. உங்கள் தண்ணீரில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

அவசரத்துக்கு ஆப்பசோடா போதும். மணல், கல் போக உங்கள் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதற்கு 3 கிராம், அதாவது தட்டையாக அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூட, கேஎச்சை 2 டிகிரி ஏற்றும். ஒரேயடியாகப் போடாமல், தனியாகக் கரைத்து இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். பேக்கிங் பவுடரும் துணி துவைக்கும் சோடாவும் வேறு பொருட்கள், அவை கூடவே கூடாது.

நிரந்தர வழி, ஆர்ஓவை மட்டும் ஊற்றாமல் வேறு தண்ணீருக்கு மாறுவதுதான். கப்பியும் மோலியும் கடினத் தண்ணீர் மீன்கள், அவற்றுக்கு வெறும் ஆர்ஓ ஒத்துவராது. நான் சென்னையில் போர் தண்ணீரையும் ஆர்ஓவையும் பாதிக்குப் பாதி கலந்துதான் ஊற்றுகிறேன். கேஎச் 4-க்குக் கீழே போவதில்லை. கலந்த தண்ணீரை வாளியில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி விட வேண்டும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறினால்தான் அதன் உண்மையான பிஹெச் தெரியும், குழாயிலிருந்து பிடித்தவுடன் அளந்தால் குறைவாகக் காட்டும். குளோரின் கலந்த மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டும் சேர்க்க வேண்டும். போர் வசதியே இல்லையென்றால் ஒரு கைப்பிடி பவளச் சில்லைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் போடுங்கள். தண்ணீர் அமிலமாகும்போது அது தானாகக் கரைந்து ஈடுகொடுக்கும்.

உயிர்ச் செடிகள் இருந்தால் விடிகாலையில் பிஹெச் குறைந்தும் சாயங்காலம் கூடியும் காட்டும். அது இயல்பு, தினமும் ஒரே நேரத்தில் அளந்தால் குழப்பம் இருக்காது. 7.4-ஆ 7.8-ஆ என்று கப்பி கவலைப்படுவதில்லை. ஒரு நாளுக்குள் பெரிதாகத் தாவுவதுதான் அதற்கு ஆபத்து.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை புது மீன் வாங்க வேண்டாம். கேஎச் எவ்வளவு வந்தது என்று கருத்தில் எழுதுங்கள், அதை வைத்து எந்த விகிதத்தில் கலக்கலாம் என்று சொல்கிறேன்.