வோல்டேஜும் கரண்ட்டும் தெரிந்தால் ரெசிஸ்டன்ஸ், பவர் இரண்டையும் எப்படிக் கணக்கிடுவது? நிஜத்தில் இது எதற்காவது உதவுமா?

நீங்கள் கொடுத்திருக்கும் எண்கள் 12 வோல்ட், 2 ஆம்பியர். வோல்டேஜைக் கரண்ட்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், 6 ஓம். இரண்டையும் பெருக்கினால் பவர், 24 வாட். நாளைக்குப் பரீட்சை என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு போய்ப் படியுங்கள், பாஸ் ஆகிவிடலாம்.

ஆனால் "நிஜத்தில் எதற்காவது உதவுமா" என்று ஒரு வால் சேர்த்திருக்கிறீர்களே, அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். காயில் சுற்றி வார்னிஷ் ஊற்றியதும் மோட்டாரை உலர்த்த அங்கே ஒரு ஹீட்டர் பெட்டி உண்டு. 230 வோல்ட், 2000 வாட் ஹீட்டர். ஒரு சமயம் பெட்டி சரியாகச் சூடேறவில்லை. எவ்வளவு நேரம் வைத்தாலும் வார்னிஷ் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஓனர் தனக்குத் தெரிந்த ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 8 ஆம்பியர். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 வர வேண்டும். போர்டில் 230 வோல்ட் சரியாக இருக்கிறது. "எலிமென்ட் வீக் ஆயிடுச்சு, புதுசு வாங்கிப் போடுங்க" என்றார். எலிமென்ட் என்றால் ஹீட்டருக்குள் சூடாகும் கம்பி. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆம்பியர் குறைந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடியிருக்க வேண்டும், அவ்வளவுதானே?

"சார், ஹீட்டர் முனையில எவ்வளவு வோல்ட் வருதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "போர்டில 230 இருந்தா அங்க வேற என்னப்பா வரும்?" என்றார். ஓனர் என்னை முறைத்தார்.

ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். 212. அதை 8ஆல் வகுத்தால் 26.5 ஓம். நேம் பிளேட் கணக்குப்படி அந்த ஹீட்டருக்கு இருக்க வேண்டிய ரெசிஸ்டன்ஸ், அதாவது 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால், 26.45. எலிமென்ட் கல்லு மாதிரி இருக்கிறது! தொலைந்துபோனது வழியில் 18 வோல்ட். அதே 8 ஆம்பியர்தான் வழியிலும் ஓடுகிறது, ஆகவே 18ஐ 8ஆல் பெருக்கினால் 144 வாட். 25 வாட் சோல்டரிங் அயர்ன் ஐந்தாறைச் சேர்த்துச் சுவருக்குப் பின்னால் சொருகி வைத்த சூடு அது.

எங்கே என்று தேடுவதும் அதே கணக்குதான். நடுவில் இருந்த பீங்கான் கனெக்டரின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்தால் அதில் மட்டும் 10 வோல்ட், அதாவது 80 வாட். ஸ்க்ரூ லூஸாகி, ஒயரின் தோல் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. மீதி 8 வோல்ட்டை, யாரோ கஞ்சத்தனமாக நீளத்துக்கு இழுத்துவிட்ட மெல்லிய ஒயர் தின்றுகொண்டிருந்தது. கனெக்டரையும் ஒயரையும் மாற்றினோம், பெட்டி பழையபடி சூடேறியது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

ஒன்று கவனியுங்கள். ஹீட்டரைக் கழற்றிவிட்டு அதே ஒயர் முனையில் அளந்திருந்தால் மீட்டர் 230தான் காட்டியிருக்கும். கரண்ட் ஓடினால்தான் வழியில் வோல்டேஜ் விழும். லோடு இல்லாமல் அளந்துவிட்டு "சப்ளை ஓகே" என்பவர்களை நான் நம்புவதே இல்லை. அப்புறம் இன்னொன்று: வோல்டேஜ் சுமார் 8 சதவீதம்தான் குறைந்தது, ஆனால் ஹீட்டரின் பவர் 15 சதவீதம் குறைந்து 1696 வாட்டுக்கு வந்துவிட்டது. வோல்டேஜ் குறையும்போது கரண்ட்டும் சேர்ந்து குறைவதுதான் காரணம்.

இப்போது கமெண்ட்டில் ஒருவர் வந்து "சூடானால் ரெசிஸ்டன்ஸ் மாறுமே" என்பார். தெரியும் ஐயா. 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு எரியும்போது சுமார் 882 ஓம். அணைத்து ஆறவிட்டு அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. டங்ஸ்டன் அப்படி. ஹீட்டரில் இருக்கும் நிக்ரோம் கம்பி சூட்டில் கொஞ்சம்தான் மாறும், அதனால் மேலே சொன்ன கணக்கு நிற்கும். இன்னொருவர் "மோட்டாருக்கு இது செல்லாது" என்பார். ஆமாம், செல்லாது. ஏசி மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது விஏ (வோல்ட்-ஆம்பியர்), அதில் எவ்வளவு பங்கு நிஜப் பவர் என்று சொல்லும் பவர் ஃபேக்டராலும் பெருக்கினால்தான் வாட். வைண்டிங்கில் ஓம் மீட்டர் காட்டும் சில ஓம்களை வைத்து 230ஐ வகுத்து, கரண்ட் இவ்வளவு என்று சொல்லவும் கூடாது. நான் மோட்டாரோடுதான் குப்பை கொட்டினேன், இதை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். மீட்டரை இரவல் கேட்காதீர்கள். கேட்டு வாங்கிப் போகிறவர்கள் லீடை 10 ஆம்பியர் துளையில் சொருகிவிட்டு நேராக சப்ளையில் வைக்கிறார்கள். அந்தத் துளை வழியாக மீட்டரின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே அது சுத்தமான ஷார்ட். ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் கையும் போகும். திருப்பித் தரும்போது "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை நான் ஆம்பியர் அளக்கும்போது பூஜ்யம் காட்டும். ஃபியூஸ் வாங்கிப் போட வேண்டியவன் நான். நீங்கள் அளக்கப் போவது 12 வோல்ட் பேட்டரியாகவே இருந்தாலும், லீடு எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள்.