அந்தக் கோடையில் நான் பாடியது பிழையா?

அன்புள்ள அக்கா,

எனக்கு 45 வயது. 1991இல், பதினொரு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து ஈஸ்ற்ஹாமில் வளர்ந்தேன். வெஸ்ற்ஹாம் அணியின் பழைய மைதானம் வீட்டிலிருந்து நடை தூரம். கோல் விழுந்தால் ஆரவாரம் எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். ஆங்கிலம் சரியாக வராத அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டது உதைபந்தும் பாட்டும்தான். ஞாயிறு பின்னேரம் பிபிசி ரேடியோ வன்னில் முதல் 40 பாடல்கள் போகும்போது வெற்றுக் கசெற்றைப் போட்டுப் பதிவு செய்வேன். அறிவிப்பாளர் பேசத் தொடங்குமுன் நிறுத்துவதில் நான் கெட்டிக்காரன். 1995 ஓகஸ்டில் ஒயாசிஸ், ப்ளர் என்ற இரண்டு ஆங்கிலப் பாட்டுக் குழுக்களும் ஒரே நாளில் பாட்டு வெளியிட்டு மோதியபோது எங்கள் கூட்டாளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். நான் ஒயாசிஸ் பக்கம். ப்ளர்தான் முதலிடம் பிடித்தது.

அந்த ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அம்மம்மாவும் மாமா குடும்பமும் கிளிநொச்சிக்குப் போனார்கள். வீட்டில் எல்லோரும் கொழும்பிலிருந்து வரும் ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

1996 ஜூன் 18. யூரோ கிண்ணம். வெம்பிளியில் இங்கிலாந்தும் ஹொலண்டும். ஆங்கிலேய நண்பன் ஒருவனின் வீட்டில் இருந்து பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு பதினொரு நிமிடத்தில் மூன்று கோல், முடிவில் 4-1. வழியெல்லாம் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே அம்மா நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார். அம்மம்மா இறந்து சில கிழமைகள் ஆகிவிட்டன, செய்தி அன்றுதான் வந்தது. “அண்டைக்கு நீ பாடிக்கொண்டெல்லோ வந்தனி” என்று அண்ணா இன்றைக்கும் சொல்வார்.

2025இல் ஒயாசிஸ் மீண்டும் சேர்ந்து வெம்பிளியில் பாடியபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதியில் அழத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. அதற்குப் பிறகு இரவில் எல்லோரும் படுத்தபின் பழைய ஆட்டங்களைப் பார்க்கிறேன். சாவுத் துடக்கு என்று ரிவி போடாததால் அன்று நான் பார்க்காமல் விட்ட, அதே யூரோ கிண்ணத்தில் ஜேர்மனியுடனான அரையிறுதியைத்தான் கூடுதலாகப் பார்க்கிறேன். மேலதிக நேரத்தில் இங்கிலாந்து வீரர் காஸ்கொய்ன் காலை நீட்டியும் பந்து படாமல் போகிற இடத்தில் நிறுத்தி, திரும்பப் போடுவேன். மனைவி கவலைப்படுகிறார். அந்த நாட்களை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. உடனேயே வெட்கமாகவும் இருக்கிறது. எங்கள் சனம் ரோட்டில் நின்ற காலத்தை என் பொற்காலம் என்று நான் சொல்லலாமா?

— பெயர் வேண்டாம், கிழக்கு லண்டன்

அன்புள்ள தம்பி,

சொல்லலாம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க இந்த அனுமதியைத்தான் கேட்கிறது.

பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நினைவுகள்தான் பெரும்பாலானவர்களுக்குப் பின்னாளில் அதிகமாகவும் துலக்கமாகவும் திரும்பி வருகின்றன என்பது உளவியலில் நன்கு அறியப்பட்டது. அந்த வயதில் கேட்ட பாட்டுக்கு அந்தப் பலம் இன்னும் கூடுதல். உங்களுக்கு அதே ஆண்டுகளில் நாடும் மொழியும் மாறின. பதினாறு வயதுப் பையன் வேறெங்கே போய்ச் சிரித்திருப்பான்? அப்பா அம்மாவின் பயம் நிறைந்த வீட்டில், ஒரு பிள்ளை வெளியே கொஞ்சம் மூச்சு விட்டதைத் துரோகம் என்று என்னால் எண்ண முடியவில்லை. அன்று அந்தத் தெருவில் பாடியவனுக்கு அம்மம்மா போனது தெரியாது.

அந்தப் பிரித்தானியாவும் பலர் இன்று பாடுகிற அளவுக்குப் பொன்னாக இருக்கவில்லை. 1993 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனின் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஸ்டீவன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் நிறவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். உதைபந்து மைதானங்களிலிருந்து நிறவெறியை விரட்டும் இயக்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். நம் பிள்ளைகள் பலர் மைதானத்துக்குப் போகவே பயந்த காலம் அது. அப்படியிருக்க ஒரு ஆங்கிலேய வீட்டுக்காரர் உங்களைத் தங்கள் பிள்ளையோடு இருத்தி ஆட்டம் பார்க்க வைத்திருக்கிறார்கள். அதை நன்றியோடு நினைப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

என்னை நிறுத்தியது வேறொன்று. நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது வென்ற ஆட்டத்தை அல்லவே. உங்கள் வீட்டில் நடக்காமலே போன ஆட்டத்தை. 18ஆம் தேதி உங்கள் சந்தோஷம் பாதியில் அறுந்தது. பாடியதற்காக ஏச்சு வாங்கியவனுக்கு அழவும் வாய் வரவில்லை. அம்மம்மாவைப் பற்றி அவர் இடம்பெயர்ந்து போனார், இறந்தார் என்பதைத் தவிர ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர் எப்படிப் பேசுவார், உங்களுக்கு என்ன சமைத்துத் தருவார்? வெம்பிளியில் வந்த அழுகையில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அண்ணாவிடம் போங்கள். அவர் சொல்லும் அந்த வசனம் உங்களைக் குத்துகிறது என்று நேராகச் சொல்லுங்கள். அன்று அவருக்கும் வயது அதிகமில்லை. அம்மாவைத் தாங்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது, அவரும் ஒழுங்காக அழுதிருக்க மாட்டார். அந்த வசனத்தை அவர் முப்பது ஆண்டுகளாகச் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அம்மம்மாவைப் பற்றி அவரைக் கேளுங்கள். உங்களைவிட அவருக்கு அதிகம் ஞாபகம் இருக்கும்.

சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் பழைய நினைவுகளின் ஏக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். தனிமை இந்த ஏக்கத்தைக் கிளப்புகிறது, ஏக்கமோ நமக்கும் மனிதர் இருக்கிறார்கள் என்ற உணர்வைத் திருப்பித் தருகிறது என்பது அவர்கள் கண்டது. நடுச்சாமத்தில் தனியே இருந்து பார்த்தால் அந்த உணர்வு போய்ச்சேர ஆளில்லை. ஆகவே அரையிறுதியைப் பகலில், மகளோடு, இங்கிலாந்தின் சவுத்கேற் பெனால்ரியைத் தவறவிடும் வரை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். 18ஆம் தேதியையும் அவளுக்குச் சொல்லுங்கள், நான்கு கோலையும் ரெலிபோனையும் சேர்த்து. அந்த ஆங்கிலேய நண்பன் இப்போது எங்கே என்று தேடவும் பாருங்கள்.

இதற்குப் பிறகும் தூக்கம் கெடுவதும் அழுகையும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். இங்கிலாந்தில் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். தரும் பேச்சு சிகிச்சைக்கு வைத்தியர் கடிதம் இல்லாமல் நீங்களே பதியலாம். ஆனால் அண்ணாவோடு பேசுவதை அதற்காகப் பிற்போடாதீர்கள்.